ரைன் நதியில் ஒரு நாள் படகுப் பயணம்: எதிர்நீரில் நிதானமாகப் போக முழுமையான வழிகாட்டி

ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் குடியிருப்பதால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரையும் ஒருமுறை ரைன் படகில் ஏற்றிவிடுவது என் வேலையாகிவிட்டது. முதல் இரண்டு முறை நானே சொதப்பினேன். அப்புறம் தாங்களாகவே போய்வந்தவர்கள் வந்து சொன்ன கதைகளைக் கேட்டால், எல்லோரும் அதே நாலைந்து இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். டிக்கெட் வாங்குவதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. எதை முதலில் முடிவு செய்வது என்பதில்தான் கோளாறு. அதனால் இந்த வழிகாட்டியை வரிசை மாறாமல் படியுங்கள்.

1. முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

பிங்கன், ரூடெஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்குதான் 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. முழுவதையும் ஒரே நாளில் படகில் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரியும். கோட்டைகள் நெருக்கமாக வருவது பிங்கனுக்கும் சாங்க்ட் கோஆருக்கும் நடுவில் உள்ள 28 கிலோமீட்டரில். ஒரு நாளுக்கு அது போதும்.

அடுத்தது திசை. ரைன் தெற்கிலிருந்து வடக்காக, பிங்கனிலிருந்து சாங்க்ட் கோஆரை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலோர் பிங்கனிலோ ரூடெஸ்ஹைமிலோ ஏறி ஆற்றோடு போகிறார்கள். ஓட்டம் இழுத்துக்கொண்டு போவதால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சாங்க்ட் கோஆரில் ஏறி எதிர்நீரில் வந்தால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நிதானமாகப் போகத்தானே படகு ஏறுகிறோம்? அதனால் என் ஓட்டு எதிர்நீருக்கே. ஒரு கோட்டை கண்ணில் பட்டு, பெயரைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து முடித்த பிறகும் அது அங்கேயே நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரயிலில் தூரமாகப் போய்விட்டுப் படகில் திரும்பினால், நாள் முடியும்போது வீட்டுக்கு அருகில் வந்திருப்பீர்கள். களைத்துப்போன நேரத்தில் நீண்ட ரயில் பயணம் மிச்சமிருக்காது.

ஆகத் திட்டம் இது: காலையில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்து நகரமான மைன்ஸ் வழியாக ரயிலில் சாங்க்ட் கோஆர், அங்கிருந்து படகில் நடுவழி ஊரான பாகராக், இறங்கி இரண்டு மணி நேரம் ஊர் சுற்றல், மறுபடி படகில் பிங்கன் அல்லது ரூடெஸ்ஹைம், அங்கிருந்து ரயிலில் வீடு.

2. நாள் குறிப்பது

படகுகள் ஒழுங்காக ஓடுவது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். அந்தக் காலத்தின் இரண்டு ஓரங்களிலும் நடைகள் குறைவு. டிசம்பரில் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ரைன் படகு என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் சில சனிக்கிழமைகளில் ‘ரைன் இன் ஃபிளாமன்’ என்ற வாணவேடிக்கை இரவுகள் உண்டு. அன்று ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. வாணவேடிக்கைதான் வேண்டும் என்றால் சரி, அமைதி வேண்டும் என்றால் வேறு நாள் பாருங்கள். செவ்வாய், புதன் எனக்குப் பிடித்த நாட்கள். ஞாயிறு போவதானால் தண்ணீர், பழம், பிஸ்கட் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சின்ன ஊர்களில் பெட்டிக்கடைகூடக் கிடைக்காது.

மூன்று நாள் முன்பு நீர்மட்டம் பாருங்கள். கௌப் என்ற ஊரில் உள்ள அளவுகோல்தான் இந்தப் பகுதிக்குக் கணக்கு. நீர்வழித் துறையின் ‘எல்விஸ்’ தளத்தில் அன்றாட அளவு வரும். கௌபில் 6.40 மீட்டரைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தே நின்றுவிடும். மறுபக்கம், வறட்சியில் மட்டம் மிகவும் இறங்கினால் சில படகுத்துறைகளில் படகு நிற்காமல் போகலாம். 2018 அக்டோபரில் அங்கே 25 சென்டிமீட்டர்தான் காட்டியது. அதைப் பார்த்து நதியே முழங்கால் ஆழம்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரை அல்ல. கப்பல் போகும் தடத்தில் அதற்கும் கீழே ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

3. கால அட்டவணையைக் கடைசியிலிருந்து படியுங்கள்

இந்தப் பகுதியில் நீண்ட தூரம் ஓடுவது கே.டி. நிறுவனத்தின் படகுகள். பிங்கன்-ரூடெஸ்ஹைமர், ரோஸ்லர் போன்ற சிறிய நிறுவனங்களும் உண்டு. ஒருவர் டிக்கெட் இன்னொருவர் படகில் செல்லாது, துறைகளும் தனித்தனி. இதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான துறையில் வரிசையில் நின்று, தன் படகு நூறு மீட்டர் தள்ளிப் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர்.

அட்டவணையில் இரண்டு பகுதிகள் இருக்கும். ‘பெர்க்’ என்றால் மலைப்பக்கம், அதாவது எதிர்நீர். ‘டால்’ என்றால் பள்ளத்தாக்குப் பக்கம், அதாவது ஆற்றோடு. நமக்கு வேண்டியது ‘பெர்க்’. ஒரு அட்டவணையை மேலிருந்து கீழாகவும் மற்றதைக் கீழிருந்து மேலாகவும் படிக்கும்படி அச்சடித்திருப்பார்கள். அவசரத்தில் பார்த்தால் நேரம் தலைகீழாகிவிடும்.

நாளுக்குச் சில படகுகளே உண்டு என்பதால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். பாகராக்கிலிருந்து பிங்கனுக்குக் கடைசிப் படகு எப்போது? அதற்கு முந்தியதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு அவசரத்துக்கு இருக்கட்டும். குறித்துக்கொண்ட படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பு பாகராக்கில் இறக்கிவிடும் படகு எது? அந்தப் படகு சாங்க்ட் கோஆரில் எத்தனை மணிக்கு? அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே வந்து சேரும் ரயில் எது? இந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று வெட்டாதீர்கள். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பதெல்லாம் பழைய கதை.

4. டிக்கெட்டுகள்

ரயிலுக்கு: ஜெர்மனியில் குடியிருப்பவர்கள் கையில் பெரும்பாலும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் இருக்கும். 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. ஆற்றின் இரு கரைகளிலும் ஓடும் பிராந்திய ரயில்களில் அது செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர வேக ரயில்களில் செல்லாது. மைன்ஸில் ஒரே நேரத்தில் இரண்டும் வந்து நிற்கும்போது வேகமாக இருப்பதில் ஏறிவிட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம். விருந்தாளிக்காக ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினால், அது சந்தா என்பதை மறக்கவேண்டாம். அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடித்துக்கொள்வார்கள்.

மைன்ஸிலிருந்தே நாலைந்து பேராகக் கிளம்புகிறவர்களுக்கு ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில நாள் டிக்கெட் மலிவு. வேலை நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏற அது உதவாது.

படகுக்கு: சாங்க்ட் கோஆரிலிருந்து பிங்கன் வரை ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். பாகராக்கில் இறங்கி அடுத்த படகில் ஏறப்போகிறேன் என்று வாங்கும்போதே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு துண்டாக வாங்குவதைவிட இது மேல். ரயில் பாஸைப் படகில் காட்டி அனுமதி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டாய்ச்லாண்ட் டிக்கெட் படகில் செல்லாது.

நான் படகு டிக்கெட்டை அன்று காலைதான் வாங்குவேன். வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு.

5. பையில் என்ன

காற்றைத் தடுக்கும் ஒரு மேல்சட்டை. ஜூலையில்கூட மேல்தளத்தில் காற்று அடிக்கும். கரையில் வேர்த்தவர்கள் படகில் நடுங்குவார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. முப்பது யூரோவாவது கைக்காசு, சில்லறையோடு. சிறிய ஓடங்களிலும் கடைகளிலும் அட்டை எடுக்காமல் போகலாம். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குக் கட்டிய 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

சைவக்காரர்களுக்கு: படகு உணவகத்தில் காப்பி, கேக், உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். புளியோதரைப் பொட்டலத்தை மேல்தளத்தின் மேசையில் பிரித்தால் பரிமாறுபவர் முகம் மாறும். ஏறுவதற்கு முன் கரையோரப் பெஞ்சில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஆற்றைப் பார்த்தபடி சாப்பிட அதைவிட நல்ல இடமும் இல்லை.

6. சாங்க்ட் கோஆரில் காலை

மைன்ஸிலிருந்து இடது கரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போகும் திசையில் வலது பக்க சன்னலோரம் பிடியுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.

இங்கேதான் பெரிய பொறி. சாங்க்ட் கோஆர் இடது கரையில் இருக்கிறது. நேர் எதிரே வலது கரையில் இருப்பது சாங்க்ட் கோஆர்ஸ்ஹவுசன். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் ஆற்றுக்கு ஒரு பாலமும் கிடையாது. பெயரைப் பாதி படித்து வலது கரை ரயிலில் ஏறியிருந்தால் பதற வேண்டாம், வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஓடம் ஒன்று இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் அக்கரை. நாம் வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் இதற்கும் சேர்த்துத்தான்.

நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் பத்து நிமிடத்தில் ஆற்றங்கரை. துறையில் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். ஊருக்கு மேலே தெரியும் பெரிய இடிபாடு ரைன்ஃபெல்ஸ் கோட்டை. ஒரு மணி நேரத்தில் ஏறிப் பார்த்து இறங்கிவிடலாம் என்று தோன்றும். முடியாது, உள்ளே அவ்வளவு பரப்பு. அதைப் பார்க்க ஆசை என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக வாருங்கள்.

7. ஏறியதும் முதல் பதினைந்து நிமிடம்

நேராக மேல்தளம். போகும் திசையில் உங்கள் இடதுகைப் பக்கம் உட்காருங்கள். காப்பி, கழிவறை, குழந்தைக்கு ஐஸ்கிரீம் எல்லாம் அப்புறம். ஏன் என்றால் இந்தப் பயணத்தின் புகழ்பெற்ற இடமான லோரலைப் பாறை சாங்க்ட் கோஆரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். என் சித்தப்பா கீழே காப்பி வரிசையில் நின்று, கோப்பையோடு மேலே வந்து, “எப்பப்பா அந்தப் பாறை வரும்?” என்று கேட்டார். அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒலிபெருக்கியில் லோரலையைப் பற்றிய பழைய ஜெர்மன் பாட்டு ஒன்று தொடங்கினால் அதுதான் அறிகுறி, எழுந்து நில்லுங்கள்.

பாறை தண்ணீருக்கு மேல் 132 மீட்டர். சும்மா பார்த்தால் செங்குத்தான ஒரு பாறை, அவ்வளவுதான். பலர் ஏமாற்றத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஆற்றை. இந்த நதி இங்கே ஒடுங்கி, ஆழமாகி, சட்டென்று திரும்புகிறது. வளைவுக்கு அப்பால் வரும் கப்பல் தெரியாது. அதனால் சாங்க்ட் கோஆருக்கும் ஓபர்வேசலுக்கும் நடுவில் கரையோரம் வெள்ளை விளக்குக் கோடுகளால் ஆன சைகைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். எதிர்நீரில் ஏறும் கப்பல்களுக்கு, மேலேயிருந்து என்ன இறங்கி வருகிறது என்று அவை சொல்லும். ஆற்றோடு போகிறவர்களைவிட நமக்குத்தான் அவை முகத்துக்கு நேராகத் தெரியும்.

சரக்குக் கப்பல் ஒன்று பக்கவாட்டில் நீலப் பலகையும் மின்னும் வெள்ளை விளக்கும் காட்டினால், வழக்கமான பக்கத்தை விட்டு மறுபக்கமாக விலகிக்கொள்வோம் என்று பொருள். அதை முடிவு செய்யும் உரிமை எதிர்நீரில் வருபவருக்கு. குழந்தைகளுக்குக் கோட்டையைவிட இந்த விளையாட்டு பிடிக்கிறது.

8. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது

ஒலிபெருக்கி அறிவிப்பு காற்றில் போய்விடும். கைப்பேசி வரைபடம் பாறைச்சுவர்களுக்கு நடுவில் தயங்கும். கரையோரத்துப் பெரிய வெள்ளைப் பலகைகளைப் பாருங்கள். கொன்ஸ்டான்ஸ் பாலத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டர் அவை. நாம் எதிர்நீரில் வருவதால் எண் இறங்கிக்கொண்டே வரும்.

சாங்க்ட் கோஆர் 556, லோரலை 554, ஓபர்வேசல் 550, கௌப் 546, பாகராக் 543, எலிக் கோபுரம் 530, பிங்கன் 528. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒரு குழப்பம். இடது கரை, வலது கரை என்பது ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வருவது. நாம் எதிர்த்திசையில் போகிறோம், ஆகவே இடது கரை நம் வலதுகைப் பக்கம். வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவறான மலையைப் படம் எடுப்பவர்கள் எல்லாம் இதில் விழுந்தவர்களே.

ஓபர்வேசலில் வலதுகைப் பக்கம் ஷோன்பூர்க் கோட்டை. கௌபில் இடதுகைப் பக்கம் மேலே கூட்டன்ஃபெல்ஸ் கோட்டை, ஆற்றின் நடுவிலேயே கப்பல் வடிவத்தில் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டை. சுங்கம் வாங்கக் கட்டியது. இந்த முழுப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான்.

9. பாகராக்கில் இறங்குவது

நடுவழித் துறைகளில் படகு சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. 545 பலகை தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வாசல் அருகே நில்லுங்கள். படகைத் துறையில் கட்டின பிறகு மேலிருந்து கிளம்பினால் ஏறுகிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இறங்கியதும் செய்யும் முதல் வேலை: துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அடுத்த படகின் நேரத்தைச் சரிபார்த்துப் படம் எடுத்துக்கொள்வது. வீட்டில் பார்த்த நேரம் வேறு பருவத்துக்கானதாக இருக்கலாம்.

ஊருக்குள் மரச்சட்ட வீடுகள், மதில் நடை, திராட்சைத் தோட்டத்து ஏற்றம். மதில்மேல் ஒரு சுற்று, ஒரு ஃபிளாம்கூகன் (பீட்சா போன்ற மெல்லிய ரொட்டி, பன்றி இறைச்சி இல்லாமல் என்று சொல்லிக் கேளுங்கள்), முடிந்தது இரண்டு மணி நேரம். மேலே தெரியும் ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. ஏற்றம் செங்குத்து, முட்டிவலிக்காரர்களைக் கீழேயே உட்கார வையுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் ஃபெடர்வைஸர் என்ற பாதி புளித்த புதுத் திராட்சை மது விற்பார்கள். இன்னும் புளித்துக்கொண்டிருப்பதால் மூடியை இறுக்கி அடைக்கமாட்டார்கள். பையில் படுக்க வைத்துவிட்டு என் ஒரு நல்ல சட்டையை இழந்தேன்.

இங்கேயே இரவு தங்க நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டு கரைகளிலும் ரயில் பாதை. சரக்கு ரயில்கள் இரவெல்லாம் ஓடும். ஆற்றைப் பார்த்த அறை என்றால் தண்டவாளத்தையும் பார்த்த அறைதான். பின்பக்க அறை கேளுங்கள்.

10. இரண்டாம் பாதி

இப்போது வலதுகைப் பக்கம் உட்காருங்கள். ஸோனெக், ரைஷென்ஸ்டைன், ரைன்ஸ்டைன் மூன்றும் வரிசையாக அந்தப் பக்கம் வரும். பிற்பகல் என்றால் சூரியனும் அந்தப் பக்கம்தான். கோட்டைகள் கறுப்பு நிழலாகத்தான் படத்தில் விழும். நல்ல படம் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் திரும்பி, இடதுகைப் பக்கம் வெயில் விழும் லோர்ஹ், அஸ்மன்ஸ்ஹவுசன் திராட்சைச் சரிவுகளை எடுக்கலாம். எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்காது. காலை வெளிச்சத்தில் இந்தக் கோட்டைகளைப் படம் எடுப்பதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால், நான் சொன்ன திசையை விட்டுவிட்டு ஆற்றோடு காலையில் போங்கள்.

இந்தப் பாதியில் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். காப்பி, கேக் எல்லாம் இப்போது.

11. எங்கே இறங்கி, எப்படித் திரும்புவது

ஆற்றின் நடுவில் எலிக் கோபுரமும் இடதுகைச் சரிவில் எஹ்ரென்ஃபெல்ஸ் இடிபாடும் வந்தால் கீழே இறங்கத் தயாராகுங்கள். அதற்கு முன் ஒரு முடிவு: மைன்ஸ் போகிறவர்கள் பிங்கனில் இறங்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாறாமல் போக நினைப்பவர்கள் அடுத்த துறையான ரூடெஸ்ஹைமில் இறங்கலாம். வலது கரை ரயில் வீஸ்பாடன் வழியாகப் போகும்.

பிங்கனில் இரண்டு ரயில் நிலையங்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருப்பது பிங்கன் ஷ்டாட். ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’ என்ற பெயரைப் பார்த்து, பெரிய நிலையம் அதுதானே என்று கைப்பேசி காட்டிய வழியில் நடந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், நாஹே ஆற்றையும் கடந்து. நாள் முழுக்கச் சுற்றிய பெரியவர்களோடு அந்த நடையை நான் ஒருமுறை நடந்திருக்கிறேன். வீடு வரும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

12. ஏதாவது தவறினால்

பாகராக்கில் படகைத் தவறவிட்டால் அங்கேயே ரயில் நிலையம் உண்டு. பிங்கனுக்கு கால் மணி நேரம்தான். ரயில் பாதை பராமரிப்பில் இருந்தால் பேருந்து விடுவார்கள். அது நிலையத்துக்குள் வராது, வெளியே சாலையில் ஒரு தற்காலிகக் கம்பத்தில் நிற்கும். முதல் நாள் இரவே செயலியில் பார்த்துவிடுங்கள்.

ஒரு கரையில் ரயில் நின்றுபோனால் மறுகரையில் ஓடிக்கொண்டிருக்கலாம். பிங்கனிலிருந்து ரூடெஸ்ஹைமுக்கு ஓடம் இருக்கிறது. பையில் வைத்த சில்லறை இதற்குத்தான்.